கொடியைப் பார்த்து அடிக்காதீங்க! ஆகஸ்டா மைதானத்தின் 18 ஹோல்களையும் ஆடுவது எப்படி?

ஐபிஎல் சீசன் சூடு பிடிக்கிற அதே ஏப்ரல் மாதத்தில்தான், அமெரிக்காவில் கோல்ஃப் உலகமே காத்திருக்கும் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஹோல் முடியும்போது நம்ம ஊரில் திங்கள் அதிகாலை ஆகியிருக்கும். காலையில் எழுந்து ஃபோனை எடுத்தால், வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் பச்சை கோட் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

'இவர் எப்படி ஜெயிச்சார்?' என்று கேட்டால், பெரும்பாலும் 'சூப்பரா அடிச்சார்' என்பதுதான் பதிலாக வரும். அது பாதி உண்மைதான். ஆகஸ்டாவில் ஆடும் எல்லோருமே சூப்பராக அடிக்கக்கூடியவர்கள். எந்த இடத்தில் அடக்கி வாசிக்கணும், எந்த இடத்தில் துணிந்து இறங்கணும் என்கிற முடிவுதான் அங்கே கோப்பையைத் தீர்மானிக்கிறது. அந்த முடிவு ஒவ்வொரு ஹோலுக்கும் மாறும். வாங்க, 18 ஹோல்களையும் ஒரு ரவுண்டு வருவோம். மொபைலில் கோல்ஃப் கேம் ஆடுறவங்களுக்கும் இது உதவும்!

முதலில் 2 நிமிட பேஸிக்ஸ்

டீ என்கிற இடத்தில் இருந்து முதல் அடி. நடுவில் ஒட்ட வெட்டிய புல்பாதை, அதுதான் ஃபேர்வே. கடைசியில் மிருதுவான புல்தரை, அது கிரீன். அதில் ஒரு குழி, குழியில் ஒரு கொடி. வழியில் இருக்கும் மணல் பள்ளங்களுக்குப் பெயர் பங்கர்.

ஒவ்வொரு ஹோலையும் இத்தனை அடியில் முடிக்கணும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் பார். பாரைவிட ஒன்று குறைத்தால் பேர்டி, இரண்டு குறைத்தால் ஈகிள், மூன்று குறைத்தால் ஆல்பட்ராஸ். ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. பந்து தண்ணீரில் விழுந்தால் ஒரு அடி அபராதம். மொத்த எண்ணிக்கை யாருக்குக் குறைவோ, அவர் ஜெயிப்பார். அவ்வளவுதான்!

ஆகஸ்டாவில் என்ன ஸ்பெஷல்?

ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது ஆகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப். ஒரு காலத்தில் அந்த இடம் செடி, மரக்கன்று விற்கும் நர்சரி. அதனால்தான் இன்றைக்கும் ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு செடி அல்லது மரத்தின் பெயர். கோல்ஃப் ஜாம்பவான் பாபி ஜோன்ஸும் வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்ஸியும் சேர்ந்து உருவாக்கிய மைதானம் இது. முதல் போட்டி நடந்தது 1934-ல். மொத்த பார் 72. நீளம் 7,500 கெஜத்துக்கும் மேல். கெஜம் என்றால் 3 அடி.

காசு கொடுத்தாலும் நாம் உள்ளே போய் ஆட முடியாத தனியார் கிளப் இது. மாஸ்டர்ஸில் ஆடவும் அழைப்பு வேண்டும். அந்த அழைப்போடு போய் 2007-ல் அங்கே ஆடிய முதல் இந்தியர் ஜீவ் மில்கா சிங்.

டிவியில் பார்த்தால் தரை தட்டையாகத் தெரியும். நிஜத்தில் ஏற்றமும் இறக்கமுமாக ஒரு மலைச்சரிவு மாதிரி இருக்கும். கிரீன்கள் கண்ணாடி போல வழுக்கும். கொடிக்கு மேல்பக்கம் பந்து நின்றுவிட்டால், லேசாகத் தொட்டாலே கீழே ஓடிவிடும். அதனால், கொடிக்குக் கீழ்ப்பக்கம் பந்தை நிறுத்துவதுதான் இங்கே முதல் விதி. 'எந்தப் பக்கம் தவறினால் தப்பிக்கலாம்?' என்று அடிப்பதற்கு முன்பே யோசிப்பது இரண்டாவது விதி.

ஹோல் 1 முதல் 3 வரை: அவசரப்படாதீங்க

ஹோல் 1 (பார் 4, 445 கெஜம்): ஃபேர்வேயின் வலப்பக்கம் ஆழமான ஒரு பங்கர். அதில் விழுந்தால் அங்கிருந்து கிரீனைத் தொடுவது கஷ்டம். இடப்பக்கமாக அடித்து, இரண்டாவது அடியில் கிரீனின் நடுவுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். 2025 கடைசி நாளில் 2 ஷாட் முன்னிலையோடு இறங்கிய ரோரி மெக்கிலராய், இந்தப் பங்கரில் மாட்டி டபுள் போகி போட்டார். முதல் ஹோலிலேயே முன்னிலை காலி!

ஹோல் 2 (பார் 5, 585 கெஜம்): இறக்கத்தில், இடப்பக்கம் வளையும் ஹோல். வலப்பக்கம் பங்கர், இடப்பக்கம் மரங்கள். நடுவில் பந்து நின்றால் இரண்டாவது அடியிலேயே கிரீனுக்கு முயலலாம். சறுக்கினாலும் கிரீனுக்கு முன்னால் இருக்கும் பங்கரில்தான் விழும், தண்ணீர் கிடையாது. நஷ்டம் குறைவு என்பதால் இங்கே துணியலாம். 2012-ல் லூயி ஊஸ்தேசன் இரண்டாவது அடியிலேயே பந்தைக் குழியில் போட்டு ஆல்பட்ராஸ் எடுத்தது இங்கேதான்.

ஹோல் 3 (பார் 4, 350 கெஜம்): பார் 4 ஹோல்களில் இதுதான் குட்டி. 'ஒரே அடியில் கிரீன் பக்கத்துல போயிடலாமே' என்று கை துறுதுறுக்கும். ஆனால், கிரீன் மேட்டின் மேல் இருக்கிறது, அதன் இடப்பக்கம் ரொம்பக் குறுகல். பாதி தூரத்தில் நின்றுபோகும் பந்தை அங்கே துல்லியமாக ஏற்றுவது பெரும்பாடு. கொடி இடப்பக்கம் இருந்தால், டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த தூரத்தில் பந்தை நிறுத்துங்க. அங்கிருந்து முழு வீச்சில் அடித்தால் பந்து கிரீனில் நிற்கும்.

ஹோல் 4 முதல் 7 வரை: பார் எடுத்தால் லாபம்

ஹோல் 4 (பார் 3, 240 கெஜம்): ஒரே அடியில் 240 கெஜம் போகணும், எதிரே இரண்டு பங்கர்கள். இங்கே பேர்டி ஆசையே வேண்டாம். கிரீனின் நடுவைப் பார்த்து அடித்து, இரண்டு பட்டில் முடித்து, மூன்று என்று கார்டில் எழுதிவிட்டு நடையைக் கட்டணும்.

ஹோல் 5 (பார் 4, 495 கெஜம்): ஏற்றம், இடப்பக்கம் வளைவு, வளைவில் பெரிய பங்கர்கள். 2019-ல் இதை இன்னும் நீளமாக்கிவிட்டார்கள். பங்கர்களைத் தாண்ட சுமார் 313 கெஜம் காற்றிலேயே போக வேண்டும். அந்த பலம் இல்லாதவர்கள் வலப்பக்கமாக அடித்து, நீளமான இரண்டாவது அடியை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஹோல் 6 (பார் 3, 180 கெஜம்): டீ உயரத்தில், கிரீன் கீழே. கிரீனுக்குள்ளேயே மாடிப்படி மாதிரி அடுக்குகள். கொடி எந்த அடுக்கில் இருக்கிறதோ, பந்தும் அதே அடுக்கில் நிற்கணும். தப்பான அடுக்கில் நின்றால் மூன்று பட் போட வாய்ப்பு அதிகம்.

ஹோல் 7 (பார் 4, 450 கெஜம்): இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் ஒரு சந்து. கிரீனைச் சுற்றி ஐந்து பங்கர்கள். ஃபேர்வேயில் இருந்து அடித்தால்தான் பந்தை உயரமாகத் தூக்கி கிரீனில் நிறுத்த முடியும். தூரத்தைவிட நேர்கோடு முக்கியம்.

ஹோல் 8, 9: ஏறு, ஆனா பார்த்து ஏறு!

ஹோல் 8 (பார் 5, 570 கெஜம்): முழுக்க ஏற்றம். முதல் அடியில் வலப்பக்கப் பங்கரைத் தவிர்த்துவிட்டால் போதும். கிரீனைச் சுற்றி பங்கர் இல்லை, மண்மேடுகள்தான். தண்ணீரும் இல்லை. தாராளமாக முயலலாம்.

ஹோல் 9 (பார் 4, 460 கெஜம்): கிரீன் பின்னிருந்து முன்னோக்கிச் சரிகிறது. பந்து கொஞ்சம் குறைவாக விழுந்தால், கிரீனின் நுனியைத் தொட்டுவிட்டு, சரிவில் உருண்டு உங்களை நோக்கியே திரும்பி வரும். கொடி முன்பக்கம் இருந்தாலும் கொஞ்சம் கூடுதலாக அடிப்பதே நல்லது. 1996-ல் 6 ஷாட் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கிய கிரெக் நார்மனின் பந்து இங்கே இப்படித்தான் திரும்பி உருண்டது. அங்கே ஒரு போகி, 10-ல் ஒரு போகி, 11-ல் ஒரு போகி, 12-ல் தண்ணீரில் விழுந்து டபுள் போகி. கடைசியில் நிக் ஃபால்டோவிடம் 5 ஷாட் வித்தியாசத்தில் தோற்றார்.

ஹோல் 10: பெரிய இறக்கம்

ஹோல் 10 (பார் 4, 495 கெஜம்): மாஸ்டர்ஸ் வரலாற்றின் மொத்தக் கணக்கில் கடினமான ஹோல் என்ற பெயர் இதற்குத்தான். செங்குத்தான இறக்கம், இடப்பக்கம் வளைவு. வலமிருந்து இடமாகப் பந்தை வளைத்துச் சரிவில் விட்டால், அது தானாகவே உருண்டு நிறைய தூரம் கொடுக்கும். அளவுக்கு மீறி வளைந்தால்? 2011-ல் முன்னிலையில் இருந்த 21 வயது மெக்கிலராய், இடப்பக்கம் கேபின் வீடுகள் வரைக்கும் அடித்துவிட்டு, டிரிபிள் போகியோடு நொறுங்கினார். கிரீனுக்கும் இடப்பக்கம் பள்ளம் இருக்கு. சந்தேகம் வந்தால் முன்பக்கமே நிறுத்திவிட்டு, அங்கிருந்து சிப் செய்து பார் எடுக்கப் பார்க்கலாம்.

11, 12, 13: கும்பிடு போட வைக்கும் ஆமென் கார்னர்

11-வது ஹோலின் பிற்பகுதி, 12 முழுக்க, 13-ன் முற்பகுதி. இந்த மூலைக்கு ஆமென் கார்னர் என்று பெயர். 1958-ல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் என்ற பத்திரிகையாளர் வைத்த பெயர் இது. மைதானத்தின் தாழ்வான பகுதி, ரேஸ் கிரீக் என்கிற ஓடை, மரங்களுக்கு நடுவே சுற்றிச்சுற்றி அடிக்கும் காற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பல பேருடைய கனவு இங்கேதான் கரைந்திருக்கிறது.

ஹோல் 11 (பார் 4, 520 கெஜம்): கிரீனுக்கு இடப்பக்கம் குளம். கொடியும் பெரும்பாலும் அந்தப் பக்கமே கூப்பிடும். போகாதீங்க! வலப்பக்கம் அடித்து, பந்து கிரீனுக்கு வெளியே நின்றாலும் பரவாயில்லை, அங்கிருந்து சிப் செய்து பார் எடுக்கலாம். இந்த ஹோலில் தன் பந்து இரண்டாவது அடியில் கிரீனில் நின்றால் அது குறி தவறிய அடி என்று வைத்துக்கொள்ளலாம் என பென் ஹோகன் சொன்னதாக கோல்ஃப் உலகில் ஒரு பேச்சு உண்டு. அந்த அளவுக்கு வலப்பக்கம் ஒதுங்குவார். 1987 பிளே-ஆஃபில் லாரி மைஸும் அப்படி வலப்பக்கம் ஒதுங்கித்தான் நின்றார். அங்கிருந்து அவர் சிப் செய்த பந்து நேராகக் குழியில் விழுந்தது. தோற்றவர் யார் தெரியுமா? அதே கிரெக் நார்மன்.

ஹோல் 12 (பார் 3, 155 கெஜம்): மைதானத்திலேயே குட்டி ஹோல். ஆனா, பயங்கரமான ஹோல். கிரீன் அகலமாக இருந்தாலும் ஆழம் ரொம்பக் குறைவு. முன்னால் ஓடை, நடுவில் ஒரு பங்கர், பின்னால் இரண்டு பங்கர்கள். டீயில் ஒரு காற்று, கொடியில் இன்னொரு காற்று. கிரீன் குறுக்குவாட்டில் கிடப்பதால் வலப்பக்கம் போகப் போக தூரம் கூடும். கடைசி நாளில் கொடி அந்த வலப்பக்கம்தான் இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும் பந்து கரையில் பட்டு ஓடைக்குள் உருளும். 1992-ல் ஃப்ரெட் கப்பிள்ஸின் பந்து அந்தச் சரிவில் அதிசயமாக நின்றுவிட்டது. அவர் பட்டத்தையும் ஜெயித்தார். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது.

இந்த ஒரு ஹோலில் இரண்டு வருடங்களை ஒப்பிட்டுப் பாருங்க. 2016-ல் முதல் 9 ஹோல் முடிந்தபோது 5 ஷாட் முன்னிலையில் இருந்தார் ஜோர்டன் ஸ்பீத். 12-ல் கொடி இருந்த வலப்பக்கம் போன பந்து தண்ணீரில். அடுத்த பந்தும் தண்ணீரில். பார் 3 ஹோலில் 7! பட்டம் டேனி வில்லட்டுக்குப் போனது. 2019-ல் டைகர் உட்ஸ் 2 ஷாட் பின்தங்கி இங்கே வந்தார். முன்னிலையில் இருந்த ஃபிரான்செஸ்கோ மொலினாரி அடித்த பந்து ஓடையில். டைகர் கொடியைக் கண்டுகொள்ளவே இல்லை. இடப்பக்கம், பங்கருக்கு மேலாக கிரீனின் பத்திரமான பகுதிக்கு அடித்தார். இரண்டு பட், பார். ஹைலைட்ஸ் வீடியோவில் ரொம்ப சாதாரணமாகத் தெரியும் ஷாட் அது. ஆனால், 43 வயதில் அவர் ஐந்தாவது முறை பச்சை கோட் போட வழி திறந்தது அங்கேதான்.

ஹோல் 13 (பார் 5, 545 கெஜம்): இடப்பக்கம் வளையும் அழகான ஹோல், அசேலியா பூக்கள் பின்னணி. ஓடை இடப்பக்கமாக ஓடி வந்து, கிரீனுக்கு முன்னால் குறுக்கே திரும்புகிறது. 2023-ல் 35 கெஜம் நீளமாக்கினார்கள். அதனால் இரண்டாவது அடியிலேயே கிரீனுக்குப் போவதா, ஓடைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு மூன்றாவதில் போவதா என்ற கேள்வி இப்போது இன்னும் கடினம். 2010-ல் பில் மிக்கெல்சன் மரங்களுக்கு நடுவே, பைன் சருகில் இருந்து 6 அயர்னை எடுத்து, ஓடையைத் தாண்டி கொடிக்குச் சில அடி தூரத்தில் நிறுத்தினார். பட்டமும் அவருக்கே.

'அப்போ நிறுத்தி ஆடுறதுதானே சேஃப்?' என்று கேட்கலாம். 2025-ல் 4 ஷாட் முன்னிலையில் இருந்த மெக்கிலராய் அதைத்தான் செய்தார். ஓடைக்கு முன்னால் பத்திரமாக நிறுத்தினார். மூன்றாவதாக நூறு கெஜத்துக்கும் குறைவான சின்ன அடி. அது வலப்பக்கம் சரிந்து ஓடைக்குள் போனது. டபுள் போகி! பத்திரமான முடிவு எடுத்தாலும், அந்தச் சின்ன அடியையும் முழு கவனத்தோடு அடிக்கணும். கிரீனின் இடப்பக்கம் அவருக்கு எவ்வளவோ இடம் இருந்தது.

ஹோல் 14, 15: மூச்சு வாங்கு, துணிந்து இறங்கு

ஹோல் 14 (பார் 4, 440 கெஜம்): மைதானத்திலேயே பங்கர் இல்லாத ஒரே ஹோல். ஆனால், கிரீனே ஒரு பொறி. இடமிருந்து வலமாகச் சரியும். கொடிக்கு இடப்பக்கம் இறக்கினால், தரையே பந்தைக் கொடிக்கு அழைத்துப் போகும்.

ஹோல் 15 (பார் 5, 550 கெஜம்): கிரீனுக்கு முன்னால் குளம், தாண்டி ஓடினால் பின்னாலும் தண்ணீர். 1935-ல் ஜீன் சராசென் 235 கெஜத்தில் இருந்து குழிக்குள்ளேயே போட்டு ஆல்பட்ராஸ் எடுத்த இடம். இன்னொரு முகமும் இதற்கு உண்டு. 2018-ல் நடப்பு சாம்பியன் செர்ஜியோ கார்சியா, ஐந்து பந்துகளைக் குளத்தில் விட்டு 13 எடுத்தார். கிரீனில் விழுந்த பந்துகள்கூட பின்னோக்கிச் சுழன்று தண்ணீருக்கே வந்தன. குளத்துக்கு முன்னால் நிறுத்தினாலும், இறக்கத்தில் நின்று சின்ன அடி அடிக்கணும். ஆக, நல்ல நிலையில் பந்து இருந்தால் இரண்டாவது அடியிலேயே போவதுதான் இங்கே நியாயம். 13-ல் சறுக்கிய மெக்கிலராய் இங்கே மரத்தைச் சுற்றி 7 அயர்னை வளைத்துக் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தி பேர்டி எடுத்தார்.

ஹோல் 16 முதல் 18 வரை: கிளைமாக்ஸ்

ஹோல் 16 (பார் 3, 170 கெஜம்): இடப்பக்கம் முழுக்கக் குளம். கடைசி நாளில் கொடியும் இடப்பக்கம் கீழேதான் இருக்கும். ஆனால், கிரீனின் வலப்பக்கம் மேடு. அந்த மேட்டில் பந்தை இறக்கினால், அது மெதுவாகத் திரும்பி, தானாகக் கொடியை நோக்கி உருண்டு வரும். கொடியைப் பார்க்காமல் அடித்துக் கொடிக்குப் பக்கத்தில் போவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 2019-ல் டைகர் செய்தது அதையேதான்.

ஹோல் 17 (பார் 4, சுமார் 440 கெஜம்): ஃபேர்வேயின் இடப்பக்கம் நின்ற புகழ்பெற்ற ஐசனோவர் மரம், 2014 பனிப்புயலில் சேதமாகி அகற்றப்பட்டது. டீயில் கொஞ்சம் நிம்மதி. கிரீன் மேட்டில், முன்னால் பங்கர்கள். குறைவாக அடிக்காமல் இருந்தால் போதும். 1986-ல் 46 வயது ஜேக் நிக்லாஸ் இங்கே பேர்டி பட் போட்டுத்தான் முன்னிலை பிடித்தார்.

ஹோல் 18 (பார் 4, 465 கெஜம்): மரங்களுக்கு நடுவே ஒரு குறுகிய சந்து வழியாக அடிக்கணும். வலப்பக்கம் வளைவு, பிறகு ஏற்றம். வளைவின் இடப்பக்கம் இரண்டு பங்கர்கள். அங்கே எட்டாத கிளப்பை எடுப்பதும் ஒரு வழி. 1988-ல் சாண்டி லைல் அந்தப் பங்கரில் விழுந்தும், 7 அயர்னில் கிரீனுக்கு ஏற்றி, பேர்டி எடுத்துப் பட்டம் வென்றார். 2025-ல் மெக்கிலராய்க்கு இங்கே பார் எடுத்தாலே வெற்றி. இரண்டாவது அடி கிரீன் பக்கத்து பங்கரில் விழுந்தது, சின்ன பட்டும் தவறியது. பிளே-ஆஃபில் ஜஸ்டின் ரோஸுக்கு எதிராக மறுபடி அதே ஹோல். இந்த முறை பந்து கொடிக்கு அருகில். பேர்டி. நான்கு மேஜர் பட்டங்களையும் வென்றவர்கள் பட்டியலில் அவரும் சேர்ந்தார்.

ஒரே பார்வையில் ஆகஸ்டா ஃபார்முலா

* தவறினால் ஒரு ஷாட்தான் நஷ்டம் என்றால் துணியுங்க: ஹோல் 2, 8.
* தவறினால் இரண்டு, மூன்று ஷாட் போகும் என்றால் கொடியை மறந்துடுங்க: ஹோல் 11, 12.
* சுற்றி வந்தாலும் ஆபத்துதான் என்றால், பந்து நல்ல இடத்தில் இருக்கும்போது மட்டும் நேராகப் போங்க: ஹோல் 13, 15.
* பார் கிடைத்தால் சந்தோஷப்படுங்க: ஹோல் 4, 5, 10.
* சரிவை எதிரியாக்காமல் வேலைக்காரனாக்குங்க: ஹோல் 14, 16.

2011-ல் 10-வது ஹோலில் உடைந்துபோன மெக்கிலராய் அந்தப் பச்சை கோட்டைப் போட 14 வருடங்கள் ஆகின. கடைசி நாளில்கூட இரண்டு டபுள் போகி போட்டுவிட்டுத்தான் அவர் ஜெயித்தார். ஆகஸ்டாவில் தப்பே செய்யாமல் யாரும் ஆடிவிட முடியாது. ஒரு தப்பு அடுத்த முடிவையும் கெடுக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். அடுத்த ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பார்க்கும்போது பந்து பறக்கிற திசையை மட்டும் பார்க்காதீங்க. அதற்கு முன்னால் வீரரும் கேடியும் நின்று பேசுகிற அந்த அரை நிமிடத்தையும் கவனிச்சுப் பாருங்க. நிஜமான மேட்ச் அங்கேதான் நடக்குது!